சன்னலில் ஒரு பெட்டி

"கம்ப்ரஸர் செத்துப்போச்சு, ஐயா. புதுசு வாங்குறதுதான் வழி," என்றார் சிங்கப்பூர் ஜாலான் புசார் கடையிலிருந்து வந்த மெக்கானிக் தங்கராஜு.

விசுவலிங்கம் சோர்ந்துபோனார். கடற்படைத் தளத்து வேலை போய் ஆறு மாதம் ஆகிறது. ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அந்த ஏர்கண்டிஷன் பெட்டி ஒன்றுதான் வீட்டில் மிஞ்சிய கௌரவம். மாப்பிள்ளை வீட்டுச் சன்னலிலும் அப்படியொரு பெட்டி துருத்திக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் சம்பந்தம் பேசவே போனார். வசதியான இடம், மகளோடு சேர்த்து நம்மையும் தாங்குவார்கள் என்று ஒரு நப்பாசை.

"நாளைக்குப் பெண் பார்க்க வருகினம், தம்பி. குளிர் வராட்டிலும் பரவாயில்லை. சத்தமாவது வருமோ?"

தங்கராஜு சிரிக்கவில்லை. "பழைய காத்தாடி மோட்டார் ஒண்ணு உள்ள மாட்டிடலாம் லா. செலவு கம்மி, நல்லா உறுமும்."

மறுநாள் பெட்டி உறுமியது. கதவெல்லாம் இறுகச் சாத்திய அறையில் எல்லாருக்கும் வியர்வை வழிந்தது.

"நல்ல குளிர்," என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார் பசுபதி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

விசுவலிங்கத்துக்கு உயிர் வந்தது.

பசுபதி பெட்டிப் பக்கம் காதைச் சாய்த்தார். பொறாமையை அவரால் அடக்க முடியவில்லை.

"தங்கராஜு மாட்டின காத்தாடி மோட்டார்தானே? எங்கட பெட்டிக்கு இவ்வளவு சத்தம் வரேல்லை."