ராணிக் குதிரை

வெளிநாட்டில் நடந்த இந்தியக் கலைவிழாவுக்கு இரண்டு பொய்க்கால் குதிரைகளும் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்தன. ராஜா வேடம் கட்டும் மாசிலாமணி, வழக்கம்போலத் தன் கட்டைக்கால்களைப் பெட்டியில் போடாமல் கையோடு கொண்டுவந்தான். ராணி வேடம் கட்டும் அவன் மனைவி செங்கமலத்துக்கு மட்டும் விசா இல்லை. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தால் ஊர் திரும்ப மாட்டார்களாம்.

ஆளில்லாத ராணிக் குதிரையை மேடை நடுவில் நிறுத்திவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி ஆடினான். அவள் சீண்டிவிட்டு ஓடும் இடம் வந்ததும் அசையாமல் நின்றான். புதுமாதிரி ஆட்டம் என்று அரங்கமே எழுந்து கைதட்டியது.

ஆட்டம் முடிந்து பெட்டி கட்டும்போது விழாக்குழுக்காரர் வந்தார்.

"விடியக்காலைல ஃப்ளைட்டுக்கு வண்டி வந்துடும், ரெடியா இருங்கண்ணே."

"சரிங்க. பொட்டி நேரா வீட்டுக்கே போயிடுமில்லீங்களா?"

"அதெல்லாம் போயிடும்."

ஊரிலிருந்து கிளம்பும்போது செங்கமலம் அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தாள். "நீங்களாச்சும் அங்கயே ஏதாச்சும் வேலையப் பாத்துக்கிட்டு இருந்துடுங்க. திரும்பி வந்து இங்க என்னத்தக் காணப்போறோம்."

மாசிலாமணி தன் குதிரையை அவளுடைய குதிரையை ஒட்டிப் படுக்கவைத்து, இரண்டு கடிவாளங்களையும் சேர்த்து முடிந்தான். கட்டைக்கால்களைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். பிறகு அவற்றையும் உள்ளே வைத்து மூடினான்.