பன்னிரண்டாவது கிணறு

இளமதி தன் காலேஜ் ப்ராஜெக்ட்டை ஒரே ஒரு வெப் பக்கமாகப் போட்டாள். படம், அலங்காரம் எதுவும் கிடையாது. எந்த போனில் தட்டினாலும் உடனே திறக்கும். தெருவிலிருக்கும் பன்னிரண்டு கிணறுகளின் தண்ணீரைச் சோதித்த முடிவு அது. பதினொன்றுக்குச் சிவப்பு. அவள் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் பச்சை.

நாலே நாளில் லிங்க் ஆரணி முழுக்கச் சுற்றியது. இளமதி வீட்டு வாசலில் குடங்கள் வரிசை கட்டின.

"தண்ணி கல்கண்டாட்டம் இருக்குது. குழந்தைக்கு இதத்தான் குடுத்துகினு இருக்கேன்," என்றாள் எதிர்வீட்டு ரேணுகாதேவி.

பக்கத்துச் சாயப்பட்டறை ஜீவானந்தம் மட்டும் சண்டைக்கே வந்துவிட்டார். "என் கிணறு விஷம், ஒரு சுவர் தள்ளி உன் கிணறு அமிர்தமா? அந்தப் பக்கத்தை எடுத்துடு!"

"லேப் பொய் சொல்லாதுங்க. ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன்." சொல்லிவிட்டாளே தவிர, அவர் கேட்டது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போளூர் விசேஷத்துக்குப் போயிருந்த அம்மா அன்றுதான் திரும்பினாள்.

"இன்னாடி இவ்ளோ கூட்டம்?"

"நம்ம கிணத்துத் தண்ணிதாம்மா சுத்தம். அன்னைக்கு அவசரத்துல உன்னை ஒரு பாட்டில் புடிச்சி வைக்கச் சொன்னேனே, அதோட ரிசல்ட்."

அம்மா கையிலிருந்த பை நழுவியது.

"ஐயையோ! காலேஜுக்குப் போற தண்ணியாச்சே, கிணத்துத் தண்ணிய எப்படிக் குடுக்கறதுன்னு, கடையில கேன் வாங்கி ஊத்தினேன்டி!"