தாங்கும் மண்

நிதியுதவியோடு வரும் முனைவர் பட்ட ஆய்வுகளில் இப்போதெல்லாம் முடிவை நிறுவனமே எழுதிக் கொடுத்துவிடும். அதற்குத் தோதான மண்ணைத் தேடுவது மட்டும்தான் மாணவன் வேலை. இளம்பரிதிக்கு வந்த முடிவு, 'இந்தச் சதுப்பு நாற்பது மாடி தாங்கும்.' சேலத்துச் செம்மண்ணைச் சோதித்து அதை நிரூபித்து, டாக்டரானான்.

அந்தச் சதுப்பில் எழுந்த கட்டடத்தில் அப்பா அவனிடம் சொல்லாமலே வீடு வாங்கிப் பால் காய்ச்சினார்.

"எம்புள்ள ஆராய்ச்சி பண்ண மண்ணு மச்சான். கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டேன்."

விளக்கருகே ஐயர் வைத்த எலுமிச்சம்பழம் மெல்ல உருண்டு, கூடத்தைக் கடந்து, சமையலறை மூலையில் போய் நின்றது. எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

"காத்தா தம்பி?" என்றார் அப்பா.

"காத்துதாம்பா" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே மூடியிருந்த ஜன்னலைப் போய் மறுபடியும் மூடினான் இளம்பரிதி.