மாதிரிப் பழம்

வேலியோரத்தில் நின்ற கடைசித் தக்காளிச் செடியும் வாடிப்போனது. மடிப்பு மடிப்பாக, கடித்தால் கண்ணைச் சுருக்கவைக்கும் புளிப்போடு பழுக்கும் செடி அது. அணிலுக்கு வேறு எந்தத் தக்காளியும் தொண்டையில் இறங்காது. மிஞ்சிய ஒரே பழத்தை மாதிரி காட்டுவதற்கென்று தூக்கிக்கொண்டு, அதே விதையைத் தேடிக் கடை கடையாக அலைந்தது. எங்கும் இல்லை. கடைசியாகப் பெருச்சாளியின் கடைக்கு வந்தது.

“அண்ணாச்சி, இந்த ஜாதி விதை இருக்கா?”

பெருச்சாளி பழத்தை மோந்து பார்த்தது. “இல்லாமலா கடை வச்சிருக்கேன்?” என்று ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டது. பாக்கெட்டின் மேல் தளதளவென்று ஒரு தக்காளிப் படம்.

“புளிக்குமா?”

“படத்தைப் பாத்தாலே எச்சில் ஊறலையா உனக்கு?”

ஊறத்தான் செய்தது.

“என்ன விலை அண்ணாச்சி?”

“அந்தப் பழத்தைக் குடுத்துட்டுப் போ. விதையே கிடைச்சாச்சு, இனிமே மாதிரி எதுக்கு?”

அணிலுக்கு அது நியாயமாகவே பட்டது. கொடுத்துவிட்டு வந்து விதைத்தது. வாலை நனைத்து நனைத்துத் தண்ணீர் விட்டது. காய்த்ததெல்லாம் பந்துபோல உருண்டை. கடித்தால் சப்பென்று இருந்தது.

அணில் மூச்சிரைக்கக் கடைக்கு ஓடியது.

“அண்ணாச்சி, நான் குடுத்த பழத்துல ஒரு விதையாவது மிச்சம் இருக்கா?”

“அன்னைக்கே முழுங்கிட்டேனே!” பெருச்சாளி மீசையை நக்கிக்கொண்டது. “அப்படியொரு ருசி! அதோட விதை எங்கயாவது கிடைச்சா சொல்லு, எனக்கும் வேணும்.”