எங்க வீட்டுப் பாட்டு

முதல் இரண்டு நொடியிலேயே தெரிந்துவிட்டது.

கைதட்டும் சத்தம். அதன் மேல் பொம்மை பியானோ போல ஒரு கீபோர்டு. பிறகு அந்த நான்கு பெண்களின் குரல். பல் கூசும் இனிப்பு.

அவள் ஐஸ்கிரீம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

இந்தப் பாட்டு ஒலித்த கடைகளிலிருந்து பாதிச் சாமானோடு வெளியே வந்திருக்கிறாள். ஆட்டோவில் இது ஒலித்தபோது பாதி வழியில் இறங்கியிருக்கிறாள். அண்ணன் மகளின் கல்யாண வரவேற்பிலிருந்து எப்படி இறங்குவது?

மண்டபத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"ஏய், இந்தப் பாட்டாடி!"

பட்டுப்புடவைகள் குதித்தன. படியேற முடியாது என்று லிஃப்ட் கேட்டவர்கள் இடுப்பை ஆட்டினார்கள். கேபிள் டிவி வீடுவீடாக வந்த காலத்துப் பாட்டு. வெளிநாட்டுப் பெண்கள். என்ன பாடினார்கள் என்று அன்றைக்கும் யாருக்கும் புரியவில்லை. பல்லவியில் வார்த்தையே கிடையாது. ஊ, ஊ, யே. பபிள்கம். மென்று துப்பிவிட வேண்டியது.

அதெல்லாம் ஒரு காலம், என்று பக்கத்து நாற்காலிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

அதற்குள் தன் கால் பெருவிரல் தாளம் போடுவதைக் கவனித்தாள். மற்றக் காலால் அதை மிதித்தாள்.

மேடையில் ரவீந்திரன் மைக்கை வாங்கினான். மணப்பெண்ணின் அப்பா. அவளுடைய அண்ணன். கோட்டுப் பையில் ரோஜா செருகியிருந்தான்.

"இது எங்க வீட்டுப் பாட்டுங்க. உறையூர் வீட்டுல நானும் என் தங்கச்சியும் இதப் போட்டு ஆடாத நாளே கிடையாது."

மண்டபம் உருகியது.

உறையூர் வீட்டில் ஆடியது உண்மைதான்.

ஆடியவள் அவள் மட்டும். பதினாறு வயது. சாத்திய கதவு. தோழியிடம் இரவல் வாங்கிய கேசட். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொள்வாள். அந்த மூன்றரை நிமிடம் அவள் யாருக்கும் மகளில்லை. யாருக்கும் தங்கையில்லை.

ஒருநாள் கதவைச் சாத்தியவள் ஜன்னலை மறந்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ரவீந்திரனும் அவனுடைய கல்லூரி நண்பர்களும். ஒருவன் விசிலடித்தான்.

அவர்கள் போகும்வரை ரவீந்திரன் பொறுமையாக இருந்தான். டீ கூட வாங்கிக் கொடுத்தான். பிறகு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டான்.

முதல் அறை இடது காதில் விழுந்தது.

பாட்டை அவன் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். வெளியே மூச்சு விடாதே என்றாள். காய்ச்சலில் போன காது என்றுதான் பிறகு அவளுடைய மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார்கள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, வீட்டில் யாரும் இல்லாதபோது போனில் அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டாள். கைதட்டல் வரவில்லை. நான்கு பெண்களில் இரண்டு பேர்தான் பாடினார்கள். மற்றவர்கள் இடது பக்கம் எங்கோ பாடிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அப்போதும் அது இனித்தது.

அதற்காகவே இன்னும் அதிகமாக வெறுத்தாள்.

"மேல வாம்மா!" ரவீந்திரன் மேடையிலிருந்து கூப்பிட்டான். "வந்து ஒரு ஆட்டம் போடு!"

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். அவன் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள்.

எழுந்தாள்.

மேடையில் அவன் அவள் தோள்மேல் கை போட்டான். செண்ட் வாசனை. போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான்.

"சொல்லும்மா, ஞாபகமிருக்கா?"

அவள் மைக்கை வாங்கினாள்.

"இருக்கு. நீ ஆடலண்ணே. அடிச்ச. இந்தக் காது அன்னைக்குப் போனதுதான்."

ரவீந்திரன்தான் முதலில் சிரித்தான்.

பிறகு மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ரவீந்திரன் மைக்கைத் திரும்ப வாங்கினான்.

"தங்கச்சின்னா இப்படித்தாங்க. பழசு எதையும் மறக்க மாட்டா."

டிஜே பையனைப் பார்த்து, கூட்டி வை என்று விரலை உயர்த்தினான்.

இருபத்தேழு வருடம் வாய்க்குள் வைத்திருந்த பேச்சு. நகைச்சுவையாகப் போய்விட்டது.

அவளுக்கு இறங்கிப் போய்விட வேண்டும் போலிருந்தது. மேடையை, மண்டபத்தை, இந்தக் குடும்பத்தை விட்டு. திரும்பினாள்.

நிவேதிதா வழியில் நின்றாள்.

மணப்பெண். எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள். கனத்த மாலையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு நெருங்கி வந்தாள். மருதாணிக் கை அத்தையின் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் சில்லென்றிருந்தன.

குனிந்து, கேட்கும் காதுக்குள் சொன்னாள்.

"உங்களையுமா அத்தை?"

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். அழகு நிலையத்தில் மூன்று மணி நேரம் பூசிய முகம். அதில் கண்கள் மட்டும் பூசப்படாமல் இருந்தன.

பாட்டு பல்லவிக்கு வந்துவிட்டது. கீழே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள்.

ரவீந்திரன் தோளைக் குலுக்கி ஆடிக்கொண்டே அவர்கள் பக்கம் வந்தான்.

"வாடா கண்ணு. அப்பாகூட ஒரு ஸ்டெப்பு."

மகளை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் நகர்ந்து, நிவேதிதாவை மறைத்து, அந்தக் கைக்கு முன்னால் நின்றாள்.