உட்கார நேரமில்லை

ஊரெல்லாம் தொற்று. தடுப்பூசிக்கு வராமல் ஒரு வாரமாகத் தண்ணி காட்டிய வார்டு நர்ஸை, தலைமை நர்ஸ் வராந்தாவில் மடக்கி இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“ஊசின்னா பயமா?”

“ஊசிக்கு இல்லக்கா. போட்டதும் அரை மணி நேரம் சும்மா உட்காரணும்ங்கிறீங்களே, அதுக்குத்தான் பயம். ரெண்டு நாளா நான் வீட்டுக்கே போகல. வார்டை யார் பார்க்கிறது?”

“வாயை மூடிக்கிட்டு சட்டைக் கையை மடி.”

சில்லென்று பஞ்சு பட்டது. அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கண் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் அரை மணி நேரம் ஓடியிருந்தது. வாசலில் யாரோ அவளைத் தேடி வந்திருந்தார்கள். “ஊசி போட்டு உட்கார வெச்சிருக்கேன், கூப்பிடக் கூடாது” என்று தலைமை நர்ஸ் விரட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் பதறி எழுந்தாள். “நேரம் முடிஞ்சுதுக்கா, கிளம்பறேன். துளிகூட வலிக்கல. உங்க கைராசியே கைராசி.”

“போட்டாத்தானே வலிக்கும்? பஞ்சு பட்டதுமே குறட்டை விட்டுட்ட. எழுப்ப மனசு வரல.” தலைமை நர்ஸ் ஊசியை எடுத்தாள். “இப்பக் கையைக் காட்டு.”

“அப்ப இவ்வளவு நேரம் உட்கார்ந்தது?”

“அது கணக்குல சேராது. ஊசி போட்டப்புறம்தான் அரை மணி நேரம் ஆரம்பம்.”