பந்து வராத பக்கம்

இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

பெண்கள் ஹாக்கி அணிக்குப் பதினேழு பேரை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பதினெட்டாவது ஆளாக, இடது பக்கத் தடுப்பாட்டத்துக்கு, நாலாம் எண் சட்டைக்காரியா பதினாலாம் எண் சட்டைக்காரியா என்பதில் ஒரு மணி நேரமாக இழுபறி.

தேர்வுக் குழுத் தலைவர் நான் கொடுத்த அட்டவணையை விரலால் தட்டினார். எதிராளியிடமிருந்து பறித்த பந்துகள்: நாலாம் எண் அறுபத்து மூன்று, பதினாலாம் எண் பதினொன்று.

“இதுக்கு மேல என்னம்மா பேச்சு?”

கீப்பர் அக்கா விடுவதாக இல்லை. ஒன்பது வருடம் ஹாக்கி அணிக்குக் கோல் காத்தவர். முழங்கால் போனபின் தேர்வாளர் ஆனார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் அலுவலகம் முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பெயர். வெயிலோ மழையோ, மைதானத்துக்குப் போய்க் கோட்டோரம் நின்று பார்த்தால்தான் அவருக்கு அது ஆட்டம்.

“பந்து பதினாலாம் நம்பர் பக்கம் வரவே மாட்டேங்குது சார். அவ நிக்கிற நிப்பப் பாத்தே எதிராளி வேற பக்கம் திருப்பிடுறா. வராத பந்த எப்படிப் பறிப்பா?”

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு இங்கே கால்குலேட்டர் என்று பெயர். ஆட்டத்தின் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, யார் பறித்தார், யார் கொடுத்தார், யார் கோட்டைவிட்டார் என்று எண்ணுவது என் பிழைப்பு. ஆறு வருடமாக எந்த மைதானத்திலும் கால் வைத்ததில்லை. அதை என் திமிர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் தீராத வழக்கு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் அவர். கண்ணால் காண்பதும் பொய் என்பேன் நான். டீ வரும்வரை அடித்துக்கொள்வோம்.

இன்று அவர் சொல்வதுதான் சரி. அது அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கேமரா பந்தைத்தான் துரத்தும். பதினாலாம் எண் பக்கம் பந்து போவதில்லை, அதனால் அவள் படத்திலும் இருப்பதில்லை. அறுபது நிமிட ஆட்டத்தில் நாலு நிமிடம் தெரிந்தால் அதிகம்.

அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் மீதி ஐம்பத்தாறையும் பார்ப்பேன்.

திரையின் ஓரத்தில் ஒரு தோள் தெரியும். சில நேரம் காலுறை மட்டும். அங்கேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை ஆட்டம் முடிந்ததும் வாயிலிருந்து பல்காப்பை எடுத்துவிட்டுக் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அந்த இரண்டு விநாடியை எத்தனை முறை ஓட்டினேன் என்று மட்டும் எண்ணவில்லை.

ஒவ்வொரு ஆட்டத்திலும் மனசு கெஞ்சும், ஒரே ஒரு பந்து அந்தப் பக்கம் போகட்டும் என்று. எதிரணிக்காரி அவளை ஏமாற்றிவிட்டுப் போய்க் கோலே அடித்தாலும் சரி, முகம் தெரிந்தால் போதும் என்றுகூட ஆசைப்பட்டிருக்கிறேன். பிறகு என்மீதே எரிச்சலாக வரும்.

“வீடியோவுல அவ பெரும்பாலும் இல்லவே இல்ல சார்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“எல்லாருக்கும் அதே கேமராதானே? ஒருத்திக்காக அட்டவணையத் தள்ளி வைக்க முடியுமா?” என்றார் தலைவர். பேனாவைத் திறந்தார்.

அக்காவுக்குக் கோபம் என்மேல் திரும்பியது.

“நீங்க அந்தப் பொண்ண ஒரு தடவையாவது நேர்ல பாத்திருக்கீங்களா?”

பேனா நாலாம் எண்ணுக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

“பாத்திருக்கேன்க்கா. அவளுக்குப் பதிமூணு வயசு ஆகுற வரைக்கும் ஒரு ஆட்டம் விட்டதில்ல. கோட்டோரமா நோட்டோட நின்னு, அவ விட்ட பந்தையெல்லாம் எண்ணி, வீட்டுக்கு வர்ற வழியில ஒண்ணொண்ணா படிச்சுக் காட்டுவேன். ‘இனிமே நான் ஆடுற எடத்துக்கு வராதீங்கப்பா’ன்னு ஒருநாள் சொல்லிட்டா. அப்புறம் அம்மாவோட போயிட்டா. பேருக்கு முன்னாடி இருக்கிற எழுத்துகூட இப்ப அவங்க அம்மாவோடது.”

தலைவர் பேனாவை மூடினார். விதிப்படி ஆட்டக்காரியின் சொந்தக்காரர் எண்ணிய கணக்கு செல்லாது, அவளோடு போட்டியில் இருப்பவளின் கணக்கும் சேர்ந்தே செல்லாது. அவர்கள் இருவரின் கணக்குத் தாள்களையும் உருவிக் குறுக்கே கோடு போட்டார். இனி நேரில் பார்த்தவர் சொல்வதுதான் முடிவு. அக்கா பட்டியலை இழுத்துப் பதினாலு என்று எழுதினார்.

எனக்குச் சந்தோஷம்தான்.

“ஏன்யா இத இவ்ளோ நாள் மறைச்சீங்க?” என்றார் தலைவர்.

சொல்லியிருந்தால் அவள் ஆடும் ஆட்டங்கள் என் மேசைக்கு வந்திருக்காது. இனி வராது. இன்றைக்கே எல்லாவற்றையும் வேறு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

“நேத்து வந்த அவ ஆட்டம் ஒண்ணு பாதியில நிக்குது சார்” என்றேன். “எண்ணல. எண்ண மாட்டேன். மீதியப் பாத்துட்டுக் குடுக்கட்டுமா?”